கீழே படுக்கத் தெரியாத கை

பிப்ரவரி 11

கண்ணு பாப்பாவுக்கு,

சித்தி எழுதுறேன். நல்லா இருக்கியா? இங்க நான் நல்லா இருக்கேன். உன் சித்தப்பாவும் நல்லா இருக்கார், முழங்கால் மட்டும் அவர் பேச்சக் கேக்க மாட்டேங்குது. சாமி புண்ணியத்துல மத்ததெல்லாம் ஓடுது.

போன்ல பேசலாம்தான். ஆனா உங்க ஆபீஸும் ஹாஸ்டலும் ஒரே காம்பவுண்டு, கேட்டுலயே போன வாங்கி வெச்சுக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் போன்ல நீ பேசினா, பின்னாடி வரிசையில நிக்கிறவங்க தொண்டையக் கனைக்கிறது எனக்கே கேக்குது. நான் வாயத் திறந்தா சீக்கிரம் மூட மாட்டேன்னு ஊருக்கே தெரியும். அதான் கடுதாசி. இதுல எவனும் கனைக்க முடியாது பாரு.

பேப்பர்ல உன் படம் வந்துச்சு. நீ இல்ல, நீ செஞ்ச கைதான் இருந்துச்சு, ஆனா எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆஸ்பத்திரி லாண்டரிக்கு எடுத்துட்டுப் போயி, போர்வை மடிக்கிற மேசையில விரிச்சு வெச்சு எல்லாருக்கும் காட்டினேன். சிப்பாய் இடுப்புல மாட்டிக்கிற இரும்புக் கை, துப்பாக்கிய அதுவே தாங்கிக்குமாம், இவன் கைய விட்டாலும் கீழ விழாதாம்னு படிச்சுக் காட்டினேன். எங்க சூப்பர்வைசர், "அந்தக் கை வாயையும் மூடுமான்னு கேளுங்க, உங்களுக்கு ஒண்ணு வாங்கித் தரலாம்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். எங்கக்கா பொண்ணு மூளை இவங்க யாருக்கு இருக்கு?

இப்ப விஷயத்துக்கு வரேன். நம்ம வாண்டு படையிலதான் அந்தக் கைய மாட்டிப் பாக்குறாங்களாம்! என் புள்ள, உன் தம்பி, அவனே சொன்னான். நிலைப்படியில குனிஞ்சு வர்ற உசரம் வந்தும் அவனுக்கு வாண்டுங்கிற பேரு போகல, ஆனா அவன் தூக்குறது அந்தக் கூட்டத்துலயே கனமான துப்பாக்கி. போன தடவை லீவுல வந்தப்ப தலை சீவக் கையத் தூக்கினான், பாதியில நிறுத்திட்டு இடது கையால சீவினான். நான் பாக்கலன்னு நெனச்சான். நான் பாக்காதது என்ன இருக்கு.

மழைக்கு முன்னாடி, ஜூன்ல, அவன் படைய மலை மேல இருக்கிற எல்லைக் காவலுக்கு அனுப்புறாங்க. அதுக்குள்ள அவனுக்குப் பதவி உசந்து சட்டையில ஒரு கோடு ஏறணும்னும், அவன் தோள் தேறணும்னும் சாமிகிட்ட கேட்டிருக்கேன். கோட்ட சாமி பாத்துக்கும். தோள உன்கிட்ட விட்டிருக்கு போல.

அது எப்படி வேலை செய்யுது? எனக்குப் புரியிற மாதிரி எழுது.

உன் சித்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். உங்கள் சூப்பர்வைசர் கேட்ட மாதிரி ஒன்றைச் செய்ய இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை என்று சொல்லுங்கள்.

நீங்கள் ஈரத்துணி மூட்டையைக் கையில் தொங்கவிட்டுத் தூக்க மாட்டீர்கள், இடுப்பில் ஏற்றிக்கொள்வீர்கள். மூட்டையின் கனம் அதேதான். ஆனால் கைக்கு வலிக்காது, கால் தாங்கிக்கொள்ளும். நான் செய்திருப்பதும் அவ்வளவுதான். இடுப்பில் ஒரு அகலப் பட்டை. அதிலிருந்து இரண்டு மடிப்பாக மேலே வரும் ஒரு கை, உள்ளே ஸ்பிரிங். அதன் நுனியில் துப்பாக்கி மாட்டியிருக்கும். கனத்தை இல்லாமல் ஆக்க யாராலும் முடியாது சித்தி. இடம் மாற்றத்தான் முடியும். எந்த இடத்துக்கு மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேசையில் எல்லாம் நன்றாக இருக்கிறது. நின்று குறி பார்க்கும்போது கை நடுக்கம் குறைகிறது, அளந்து பார்த்தோம். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். வாண்டுவின் படையிலிருந்து வந்த சோதனைத் தாள்கள் எல்லாவற்றிலும் எல்லாக் கேள்விக்கும் "நன்று" என்றே எழுதியிருக்கிறார்கள். பத்துப் பேருக்கு ஒரே கடையில் செருப்பு வாங்கிக் கொடுத்தால்கூட ஒருவராவது "கடிக்கிறது" என்பார். இவர்களில் ஒருவருக்கும் எதுவும் கடிக்கவில்லை.

மே மாதத்துக்குள் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். "நடந்து போகும் படைக்குக் கொடுக்கலாம்" என்று. நான் போட்டால் ஜூனில் வாண்டுவும் அவன் நண்பர்களும் அந்தக் கையை மாட்டிக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். எங்கள் அலுவலகத் தலைவர், பெரியவர் என்போம், தினமும் வந்து என் மேசையைத் தட்டிவிட்டுப் போகிறார்.

வாண்டு உங்களிடம் அதைப் பற்றி ஏதாவது சொன்னானா?

உங்கள் பாப்பா


மார்ச் 2

கண்ணு,

சொன்னானாவா! நேத்து அரை மணி நேரம் சொன்னான். வயிறு புண்ணாகச் சிரிச்சேன். சித்தப்பா பேப்பர இறக்கிட்டு, "ஆத்தாளும் மகனும் நாட்டோட ரகசியத்த இப்படியா கத்திப் பேசுவீங்க"ன்னார்.

முதல்ல, "அக்காகிட்ட சொல்லாதம்மா, பாவம், ராவும் பகலுமா உக்காந்து செஞ்சிருக்கு"ன்னான். "நான் ஏன்டா சொல்லப் போறேன், எனக்கு வேற வேலை இல்லையா"ன்னேன். அதனால இது நமக்குள்ள.

நின்னுக்கிட்டு சுடுறதுக்கு அது ராஜா கைதானாம். ஆனா அந்தக் கைக்குக் கீழ படுக்கத் தெரியாதாம். "கேப்டன் 'படு'ன்னு கத்தினா மத்தவங்கல்லாம் படுத்துடுறாங்கம்மா, கை மாட்டினவன் மட்டும் பாதியில நிக்கிறான். அது போயி முதல்ல மண்ணுல குத்துது. துப்பாக்கி வானத்தப் பாக்குது. நான் கவுத்துப் போட்ட ஆமையாட்டம் கால ஆட்டிக்கிட்டுக் கெடக்கேன். காக்கா சுடுறதா இருந்தா ரொம்ப வசதி"ங்கறான்! வண்டியில ஏறினா பக்கத்துல இருக்கிறவன் விலாவுல இடிக்குதாம். சந்து திரும்பும்போது துப்பாக்கிய இந்தத் தோள்லேருந்து அந்தத் தோளுக்கு மாத்த விடாதாம்.

இதக் கேளு. கேப்டன் ஜீப்பு மேடு தாண்டிப் போச்சுன்னா போதுமாம், எல்லாரும் கழட்டிடுவாங்களாம். பயிற்சி மைதானத்துல ஓடைப் பக்கம் ஒரு மரம் விழுந்து கெடக்காம், அது மேல வரிசையா தொங்கவிட்டுருவாங்களாம். ஒரு பையன் மேட்டுல நின்னு காவல் பாத்து, ஜீப்பு வந்தா விசில் அடிப்பானாம். அவனுக்கு இப்ப பேரே விசில்தான். விசில் கேட்டதும் எல்லாரும் ஓடிப்போயி அவனவன் கைய எடுத்து மாட்டிப்பானுங்களாம். அவசரத்துல ஒரு நாள் இவன் வேற ஒருத்தன் கைய மாட்டிக்கிட்டு நின்னிருக்கான்.

"அப்புறம் தாள்ல ஏன்டா நல்லா இருக்குன்னு எழுதறீங்க"ன்னேன். "கேப்டன் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'நல்லாத்தானே இருக்கு?'ன்னு கேட்டுக்கிட்டே தாள நீட்டுறாரும்மா. அப்ப வேற என்ன எழுத முடியும்"ங்கறான்.

நீ மனசுல வெச்சுக்காத. கொஞ்சம் எண்ணெய் போட்டா சரியாகுமோ என்னவோ. சாமி உன் கைக்கு நல்ல வழி காட்டும்.

உன் சித்தி


மார்ச் 9

அன்புள்ள சித்திக்கு,

எண்ணெய் போட்டால் சரியாகாது.

இரண்டு நாள் தூங்கவில்லை. சோதனைத் தாள்களை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மலையில் "படு" என்று கத்தப்போவது கேப்டனாக இருக்காது, எதிரே வரும் குண்டாக இருக்கும்.

நேற்றுக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். பேர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். "மைதானத்தில் கையைக் கழற்றி விழுந்த மரத்தில் தொங்கவிடுகிறார்கள், தாள்களை மறுபடி, அதிகாரி இல்லாமல் எழுதி வாங்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். பெரியவர் முகம் சுருங்கியது. ஆனால் குறித்துக்கொண்டார்.

நீங்கள் சிரித்துக்கொண்டு எழுதிய ஒரு பக்கம், இங்கே ஒரு வருட வேலையைவிடப் பெரிய உதவி.

உங்கள் பாப்பா


மார்ச் 19

பாப்பாவுக்கு,

உதவியா? என்ன உதவி பண்ணினே தெரியுமா?

பேர் சொல்லலையாம். விழுந்த மரம் எத்தனை மைதானத்துல கெடக்கு? ஒரே ஒரு மைதானத்துல கெடக்கு. அதுல பழகுறது ஒரே ஒரு படை. அதுல அக்கா இந்த வேலையில இருக்கிறது ஒரே ஒருத்தனுக்கு. இதக் கண்டுபுடிக்கப் பெரிய படிப்பு வேணுமா?

கேப்டன் அத்தன பேரையும் கைய மாட்டிக்கிட்டு உச்சி வெயில்ல மைதானம் முழுக்கத் தவழ விட்டிருக்கார். முழங்கை தோல் உரிஞ்சுபோச்சாம். ஏப்ரல் லீவு யாருக்கும் கிடையாது. கோட்டுப் பேச்சே இல்ல. அதெல்லாம் போகட்டும். கூட இருக்கிற பசங்க இவன்கூடப் பேச மாட்டேங்கறாங்க. சாப்பிட உக்காந்தா எந்திரிச்சுப் போறாங்க. விசில் பையன் மட்டும் பக்கத்துல உக்காருறானாம், ஆனா அவனும் பேசலயாம்.

போன் பண்ணினான். இதெல்லாம் சொல்லிட்டுக் கடைசியில ஒரே ஒரு வார்த்தைதான். "அம்மா, இனிமே உன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்." வெச்சுட்டான். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை நான் போன் பக்கத்துல உக்காந்திருக்கேன், அது அடிக்கவே இல்ல.

என் வாய் தப்புதான். ஆனா நான் என் அக்கா பொண்ணுகிட்டப் பேசினேன், உங்க கூட்டத்துல பேசல. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? "சித்தி, இத வெளிய சொல்லட்டா?"ன்னு ஒரு கடுதாசி போட்டிருந்தா எத்தனை நாள் ஆயிருக்கும்?

இனி எனக்கு எழுதாத. நான் இப்ப சாமிகிட்டக்கூடச் சுருக்கமாத்தான் பேசுறேன்.


ஏப்ரல் 6

சித்தி,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியாத விஷயம் ஒன்று வந்திருக்கிறது. இதை ஊருக்குள் போய்த் தபால் பெட்டியில் போடுகிறேன், எங்கள் அலுவலகப் பெட்டியில் இல்லை.

முதலில் போன வாரம் நடந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போனேன். கையை நானே மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவர்களோடு நடப்பதாகச் சொன்னேன். கேப்டன் சிரித்தார், மாட்டிவிடச் சொன்னார். மாட்டிவிட வந்தது வாண்டு. பட்டையை இறுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வரைந்த கைதான், சித்தி. ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு நான் நடந்ததே இல்லை, நின்றுதான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச தூரத்தில் இடுப்பு எரிய ஆரம்பித்தது. ஓடையில் இறங்கும்போது கை ஒரு பக்கம் இழுத்தது. "படு" என்று கேப்டன் கத்தினார். எல்லாரும் படுத்தார்கள். நான் பக்கவாட்டில் விழுந்தேன், முகம் சேற்றில். எழுந்திருக்கக் கையை ஊன்றப் பார்த்தேன், என் கைக்கும் தரைக்கும் நடுவில் அந்தக் கை நின்றது. நான் தடுமாறுவதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வாண்டு வந்து தூக்கிவிட்டான். "ஆமை எப்படி எந்திரிக்கும்னு இப்ப தெரியுதாக்கா?" என்றான். "தெரியுது" என்றேன். பிறகு பேசினான். உங்கள் மேல் கோபம் இல்லையாம், கூச்சம்தானாம். "அம்மாகிட்ட சொன்னது என் தப்பு. தண்ணியக் கையில பிடிச்சுக்கச் சொன்ன மாதிரி" என்றான்.

மாலையில் முகாம் வாசலில் காவல் நிற்கிறவர்களைப் பார்த்தேன். அங்கே அந்தக் கை உண்மையிலேயே நல்லது. பழைய காயத்தால் மணிக்கட்டு பலவீனமான ஒருவர் அதை மாட்டிக்கொண்டு, "இத மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்கம்மா" என்றார். ஆக, நிற்கிறவருக்கு உதவும் கை அது. நடந்து போய், விழுந்து, எழுந்து ஓடுகிறவனுக்கு அல்ல. இதைத்தான் எழுதப்போகிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். "நீங்க ஒரு நாள் மாட்டினதும் அவங்க பழகிச் சொல்றதும் ஒண்ணாகுமா? தாள்ல எல்லாரும் நன்றுன்னுதானே எழுதியிருக்காங்க" என்றார். தாள்களை அவர் மறுபடி எழுதி வாங்கவே இல்லை. பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "உங்க தம்பி அந்தப் படையிலதான் இருக்காராமே. நம்ம பட்டறைக்கு அனுபவப்பட்ட ஆள் ஒருத்தர் வேணும். மேல பேசினா மாத்திடலாம், ஜூனுக்கு முன்னாடியே. ரெண்டு வருஷம் இங்கயே இருக்கலாம்" என்றார். குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். கையெழுத்துத் தாளை என் பக்கம் தள்ளினார்.

இரண்டும் ஒரே பேச்சு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

நான் கையெழுத்துப் போட்டால் வாண்டு மலைக்குப் போக வேண்டாம். மற்றவர்கள் அந்தக் கையோடு போவார்கள். போடாவிட்டால், என் பேச்சு எடுபட ஒரு சிப்பாயாவது, இதை முடிவு செய்யும் ராணுவக் குழு முன்னால் வந்து, "தாளில் எழுதியது பொய், கழற்றி வைத்தோம்" என்று சொல்ல வேண்டும். வாண்டு சொல்வான் என்று நினைக்கிறேன். சொன்னால் தண்டனை உண்டு. கோடு ஏறும் கொஞ்ச நஞ்ச வாய்ப்பும் போகும். அதன் பிறகு அவனும் எல்லாரோடும் மலைக்குப் போவான்.

அந்த அறையிலேயே மறுத்திருக்க வேண்டும். "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாண்டுவிடம் இதைச் சொல்லவில்லை. அவன் என்ன சொல்வான் என்று நம் இருவருக்கும் தெரியும், அதனால்தான்.

போன முறை உங்களைக் கேட்காமல் செய்தேன். இந்த முறை கேட்கிறேன்.

பாப்பா


ஏப்ரல் 11

பாப்பா,

போடு. கையெழுத்தப் போடு.

எதுக்கு யோசிக்கிறே? அவனுக்கு ரெண்டு வருஷம் ஒரு கூரை கெடைக்குது. நீ பக்கத்துல இருப்பே. சாமியா பாத்துக் குடுக்கிறத வேணாங்க நான் யாரு? மத்த பசங்களுக்கும் அம்மா அப்பா இருக்காங்க, அவங்களும் அவங்க சாமிகிட்டக் கேக்கட்டும்.

கோபிச்சா கோபிச்சுக்கட்டும். உயிரோட இருந்து கோபிச்சுக்கட்டும்.

சித்தப்பாகிட்ட காட்டல. நீயும் யார்கிட்டயும் சொல்லாத. சீக்கிரம் போடு.

சித்தி


ஏப்ரல் 14

கண்ணு,

முன்னாடி ஒரு கடுதாசி வந்திருக்கும். அதக் கிழிச்சுப் போடு. படிக்காம கிழி. படிச்சிருந்தாலும் கிழி.

நேத்து லாண்டரிக்கு ஒரு அம்மா வந்துச்சு. கண் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. கண்ணுல மருந்து ஊத்தி விட்டிருக்காங்க, சரியாப் பார்வை தெரியல, செவுத்தப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு வாசலா, "வாண்டுவோட அம்மா இங்கதான் வேலை செய்யுறாங்களா"ன்னு கேட்டுக்கிட்டு வருது. நான் நனைஞ்ச கையத் தொடச்சுக்கிட்டுப் போனேன். "நான்தான்"னேன். என் கையப் புடிச்சுக்கிச்சு.

"என் பையனுக்கு உங்க பையன்னா உசுரு. அவன விசில்னு கூப்புடுவாங்களாம்"னுச்சு.

உக்கார வெச்சேன். போர்வை மூட்டை மேலதான், வேற எடம் ஏது. எங்க சூப்பர்வைசர் பாத்துட்டு அந்தப் பக்கம் போயிட்டார். வீட்டுல யார் யாரு, பஸ்ஸுல எப்படி வந்தீங்கன்னு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். அந்தம்மா பொறுமையா கேட்டுட்டு, கடைசியில கேட்டுச்சு. "அந்த இரும்புக் கை உங்க அக்கா பொண்ணு செஞ்சதாமே? நம்ம வீட்டுப் பொண்ணு செஞ்சதுன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. அத மாட்டிக்கிட்டா பயமில்லைல?"

கண்ணு, என் வாய் நின்னுபோச்சு. கல்யாண வீடு, சாவு வீடு, டாக்டரு முன்னாடி, போலீஸ் முன்னாடி, எங்கயும் நிக்காத வாய். "ம்"னேன். அதுக்கு மேல வரல. அந்தம்மாவுக்கு என் மூஞ்சி தெரியல, மருந்து ஊத்தியிருந்தாங்க. தெரிஞ்சிருந்தா அப்பவே எல்லாம் தெரிஞ்சிருக்கும். பஸ் ஏத்திவிட்டேன். ஜன்னல் வழியா நான் நிக்கிறதா நெனச்சு வேற யாருக்கோ கையசைச்சுச்சு.

வீட்டுக்கு வந்து சாமி முன்னாடி நின்னேன். "என் புள்ளைய மட்டும்"னு ஆரம்பிச்சேன். அந்த 'மட்டும்' வாயில வரமாட்டேங்குது. திருப்பித் திருப்பிப் பாத்தேன். சாமி கோவிச்சுக்கிச்சுன்னு இல்ல. எனக்கே காது கூசுச்சு.

சித்தப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் முழங்காலத் தேச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம், "பட்டறையில அவன உக்கார வெச்சா, விசில் பையனோட சேதி ஏதாவது வர்ற அன்னைக்கு அவன் மூஞ்சிய நாம எப்படிடி பாக்குறது"ன்னார். இந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவார், அதுவும் இப்படித்தான்.

போடாத. அவன் போயி சொல்லட்டும். தண்டனை குடுத்தா வாங்கிக்கட்டும். எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்க.

இந்தக் கடுதாசி இதுக்கு முன்னாடி போனதத் தாண்டி ஓடணும்னு வேண்டிக்கிட்டே தபால் பெட்டியில போடுறேன்.

சித்தி


மே 3

அன்புள்ள சித்திக்கு,

தாண்டி ஓடவில்லை. முதல் கடிதம் முன்னால் வந்தது. படித்தேன். கிழிக்கவும் இல்லை. மறுநாள் மதியம் பெரியவர் அறைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினேன். ஏன் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, காலையிலேயே சிரித்தார். அன்று பதினோரு மணித் தபாலில் உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது.

அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீ ஆறிப்போகும்வரைகூட உட்காரவில்லை.

பத்து நாள் கழித்துக் குழு கூடியது. நீண்ட மேசை, வயதான அதிகாரி ஒருவர் தலைவர். நான் கேட்டதும் ஒப்புக்கொண்டிருந்த வாண்டு வந்து விறைப்பாக நின்றான். சட்டை அவ்வளவு மடிப்புக் கலையாமல் இருந்தது, நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் லாண்டரியில் வேலை கொடுத்திருப்பீர்கள். தலைவர் கேட்டார்.

"கழட்டி வெச்சது உண்மையா?"

"உண்மை சார்."

"மாட்டிக்கிட்டு இருக்கணும்கிறது உத்தரவு. மீறினது தெரியுமா?"

"தெரியும் சார். 'படு'ங்கிறதும் உத்தரவுதான் சார். ரெண்டு உத்தரவையும் ஒரே நேரத்துல செய்ய இந்தக் கை விடல."

தலைவர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். "வேற யாராவது இதைச் சொல்றீங்களா?" என்று கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டார். வெளியே மற்றவர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே வந்தது ஒல்லியாக ஒரு பையன், காது சிவந்திருந்தது. "விசில் அடிச்சது நான்தான் சார்" என்றான். அவன் பின்னால் இன்னொருவர் வந்தார். பிறகு அறையில் நிற்க இடமில்லை.

முடிவு இது. முகாம் வாசல், காவல் கோபுரம், வண்டி மேல் நிற்கும் காவல், இங்கெல்லாம் அந்தக் கையைக் கொடுக்கலாம். நடந்து போகும் படைக்கு இப்போது இல்லை. அப்படித் திருத்திய தாளில் கையெழுத்துப் போட்டேன். இந்த வேலைக்கு இனி நான் தலைமை இல்லை. ஜன்னலோரத்திலிருந்து மூலைக்கு என் மேசையை நகர்த்திவிட்டார்கள். பரவாயில்லை, மூலையில் வெயில் அடிக்காது.

வாண்டுவுக்குக் கோடு இந்த வருடம் கிடையாது. தண்டனையாக, மலைக்குக் கிளம்பும் வரை தினமும் வாசல் காவல். அந்தக் கையை மாட்டிக்கொண்டு! நேற்று ஹாஸ்டல் போனில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இங்க நிக்கிறதுக்கு நிஜமாவே ராஜா கைதான். அதையும் எழுதிக்கோ, அப்புறம் நான் குறை மட்டும்தான் சொன்னேன்னு சொல்லுவே" என்றான். பின்னால் நிறையப் பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. சாப்பிடும்போது இப்போது யாரும் எழுந்து போவதில்லையாம்.

ஆனால் சித்தி, மலைக்கு அவன் அந்தக் கனமான துப்பாக்கியைத் தன் தோளில்தான் தூக்கிக்கொண்டு போகிறான். அதை மாற்ற என்னால் முடியவில்லை.

பாப்பா


ஜூன் 2

கண்ணு பாப்பாவுக்கு,

கெளம்பிட்டாங்க. முந்தாநாள் காலையில.

கெளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணினான். பட்டறை வேலை விஷயத்த நீ சொல்லிட்டியாமே. "நீதான் அக்காகிட்ட போடாதன்னு எழுதினியாம்மா?"ன்னான். ஆமான்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம். ஆனா என் வாய் என்னைக்குச் சும்மா இருந்துச்சு? "அதுக்கு முன்னாடி போடச் சொல்லியும் ஒண்ணு எழுதினேன்டா"ன்னேன்.

வெச்சுட்டானோன்னு, "டேய், டேய்"னு கத்தினேன். அப்புறம் சொன்னான். "அந்த முதல் கடுதாசிய எழுதாம இருந்திருந்தா நீ என் அம்மாவே இல்ல."

"ரெண்டாவதுக்கு என்னடா சொல்றே?"ன்னேன். லாரி ஹாரன் அடிச்சிட்டாங்க. "ஏறணும்மா"ன்னான். அவ்வளவுதான்.

தோளுக்கு வைக்க ஒரு துண்டு வாங்கி அனுப்பலாம்னு நெனச்சேன். மடிச்சு வெச்சா எத்தனை மடிப்பு தாங்கும்னு லாண்டரியில மடிச்சு மடிச்சுப் பாத்தேன். எந்த மடிப்பும் அந்தக் கனத்துக்குப் போதாது. அனுப்பல.

இப்ப சாமிகிட்ட எல்லாப் பசங்களையும் சொல்றேன். ஒருத்தன் பேரும் எனக்குத் தெரியாது. வாண்டு எனக்குச் சொன்னதெல்லாம் பட்டப்பேருதான். அதனால அப்படியே சொல்றேன். விசில், ஊசி, மாமா, தூங்குமூஞ்சி, பெரிய மண்டை, அப்புறம் வாண்டு. சித்தப்பா கேட்டுட்டு, "சாமிக்குக் குழப்பமா இருக்காதா?"ன்னார். யாரு எந்த இடத்துல படுத்திருக்கான், யாருக்கு முழங்கை எரியுதுன்னு சாமிக்குத் தெரியாதா? விசிலோட அம்மாவுக்குக் கடுதாசி எழுதிட்டேன், கை இல்லாமத்தான் போறாங்கன்னு. ஏன்னும் எழுதிட்டேன். பதில் இன்னும் வரல.

நீ அந்த மூலையிலயே உக்காந்து செய்யிற வேலைய விட்டுடாத. வாசல்ல நிக்கிறவரு மணிக்கட்டுக்கு உதவுச்சுன்னா, ஒரு நாள் இவங்களுக்கும் உதவும். அந்தக் கைக்குக் கீழ படுக்கக் கத்துக்குடு. எந்திரிக்கவும் கத்துக்குடு. அது வரைக்கும் எவன் எத்தனை டீ வாங்கிக் குடுத்தாலும் கையெழுத்து மட்டும் போட்டுடாத.

ஆனா கண்ணு, சீக்கிரம் செய்.

உன் சித்தி